பாய் பார்க்கிறவர்

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது லினன் அக்கா எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்துகிறார். சன்னலைச் சாத்திக் கொக்கியும் போடுகிறார். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி திறந்து கிடக்கிறது. எதிர் நாற்காலியில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருக்கும் கணவருக்கு இரண்டே நிமிடத்தில் நெற்றி மினுங்கத் தொடங்குகிறது.

“கப்பல்ல அடிக்கிற காத்துக்கும் நம்ம வீட்டு ஃபேனுக்கும் என்ன சம்பந்தம்?” என்று முதல் சில வாரங்கள் அவர் கேட்டுப் பார்த்தார்.

“கழுத்துல ஒரு பக்கம் காத்து பட்டா மனசு அந்தப் பக்கமே போவுது. கொழப்புது. பாய் எடுத்து முடிக்கிற வரைக்கும் பொறுத்துக்குங்க.”

பாய் எடுத்து முடிக்க நாற்பது நிமிடம் பிடிக்கும். ஆகவே இப்போதெல்லாம் கணவர் பனியனோடு வந்து உட்கார்ந்துகொள்கிறார். செய்தித்தாளால் விசிறிக்கொள்ள அனுமதி உண்டு. ஆனால் அந்தக் காற்று மேசைப் பக்கம் திரும்பக்கூடாது.

பாய் என்றால் விரித்துப் படுக்கிற பாய் அல்ல, பாய்மரக் கப்பலின் பாய். கடற்கொள்ளைக்காரர்கள் பற்றிய கணினி விளையாட்டு ஒன்றில், மூன்று பேர் சேர்ந்து ஓட்டும் கப்பலுக்குப் பாய் தேர்ந்தெடுப்பது லினன் அக்காவின் வேலை. எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் இணையம் வழியாக அந்தக் கடலுக்கு வருகிறார்கள். தீவுக்குத் தீவு சரக்கு ஏற்றுகிறார்கள். வழியில் ஒருவரை ஒருவர் பீரங்கியால் சுட்டு, இருப்பதைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். அக்காவுக்குப் பீரங்கியில் அக்கறை இல்லை. இந்த ஐம்பத்திரண்டு வயதுக்குள் நிஜக் கடலை இரண்டு தடவை பார்த்திருக்கிறார். இரண்டு தடவையும் படகில் ஏறி வாந்தி எடுத்தார். அவருக்குத் தெரிந்தது துணி.

நானூறு படுக்கைகள் உள்ள ஒரு மருத்துவமனையின் அடித்தளத்தில், சலவைக்கூடத்தை ஒட்டி, துணிகள் வைக்கும் ‘லினன்’ அறை இருக்கிறது. இருபத்தெட்டு வருடமாக அது அவர் பொறுப்பில். படுக்கை விரிப்பு, தலையணை உறை, அறுவைக்கூடத்துப் பச்சைத்துணி எல்லாம் துவைத்துக் காய்ந்து அவர் மேசைக்கு வரும். ஒவ்வொன்றையும் குழல்விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து நடுப்பகுதி நைந்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு ஓர் உதறு. உதறும்போது கண்ணை மூடிக்கொள்வார், சத்தம் கேட்பதற்காக. “நல்ல துணி பட்டுன்னு பேசும். போன துணி மொனகும்” என்பார். முனகுவதெல்லாம் தரை துடைக்கப் போய்விடும். ஓய்வுபெறப் போகிற எலும்பு மருத்துவர்கூடக் கதவோரம் நின்று, “லினன் அக்கா, ரெண்டு பெட்ஷீட் கிடைக்குமா?” என்றுதான் கேட்பார். கேட்டவுடன் கிடைக்காது. “எந்த பேஷண்டுக்கு? கால் கட்டா, இடுப்புக் கட்டா? ரொம்ப வேர்க்கிற ஆளா?” என்ற விசாரணை முடிந்த பிறகுதான் அலமாரி திறக்கும்.

கப்பலுக்கும் இதே விசாரணைதான். துறைமுகத்தில் அவர்களுக்கென்று ஒரு கிடங்கு உண்டு. ஏழு மாதத்தில் ஜெயித்ததும் கண்டெடுத்ததுமாக இருபத்தாறு பாய்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. வெட்டு மூன்று வகை. சதுரமாக வெட்டியது, காற்று பின்னாலிருந்து தள்ளினால் கப்பலைப் பறக்கவிடும். எதிர்க்காற்றில் வெறும் சுவர். முக்கோணமாக வெட்டியது எதிர்க்காற்றிலும் வளைந்து நெளிந்து ஏறிப் போகும், ஆனால் வேகம் மட்டு. மூன்றாவது, குட்டையும் தடிமனுமான புயல் பாய்; கிழியவும் கிழியாது, நகரவும் நகராது. கரையை விட்டுக் கிளம்பிய பிறகு மாற்ற முடியாது. தப்பான பாயைக் கட்டிக்கொண்டு போனால் திரும்பி வரும்வரை அதனோடுதான் குடித்தனம்.

முதல் பத்து நிமிடம் அக்கா வானத்தைப் பார்ப்பார். விளையாட்டில் அவருடைய உருவம், ஒற்றைக் கண்ணும் தொப்பையும் இடுப்புவரை தாடியும் கொண்ட ஒரு தடியன். முதல் நாள் கணினி எதைக் கொடுத்ததோ அதையே வைத்துக்கொண்டார். அந்தத் தாடிக்காரன் கப்பல்துறையின் நுனியில் நின்று மேகம் எந்தப் பக்கம் ஓடுகிறது, கொடி எப்படிப் படபடக்கிறது என்று அண்ணாந்து பார்ப்பான். பிறகு ஒவ்வொரு பாயாக ஏற்றிவிட்டு, துறை நுனிவரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்து, வந்து இறக்குவான். மறுபடி ஏற்றுவான்.

“பொண்ணு பாக்கப் போனவங்ககூட இத்தனை தடவை திரும்பிப் பாக்க மாட்டாங்க” என்பார் கணவர்.

“நீங்க ஒரு தடவதான் பாத்தீங்க. அதுக்குத்தான் இந்தப் பாடு.”

நிறம், படம் எல்லாம் அழகுக்குத்தான், வேகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று விளையாட்டைச் செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அக்கா ஒப்புக்கொள்வதில்லை. மண்டையோடு போட்ட கறுப்புப் பாய் நான்கு இருக்கிறது. ஒன்றையும் ஏற்ற விட்டதில்லை. “திருடப் போறவன் திருடன்னு நெத்தியில எழுதிக்கிட்டா போவான்?” சிவப்புக் கோடு போட்டதைப் பார்த்தால் தலையணை உறை ஞாபகம் வருகிறதாம். அவருக்குப் பிடித்தது ஒட்டுப்போட்ட பாய்கள். எங்கே கிழிந்து எங்கே தைத்திருக்கிறது என்று பார்த்தாலே அது எந்தக் காற்றைத் தாங்கும் என்று தெரிந்துவிடும் என்கிறார். ஒருமுறை மப்பும் மந்தாரமுமான நாளில் சாம்பல் நிறத்துப் பாயைக் கட்டிக்கொண்டு, மூன்று எதிரிக் கப்பல்களுக்கு நடுவே ஒருவர் கண்ணிலும் படாமல் போய்வந்தார்கள். அதற்குப் பிறகு நாற்பது நிமிடத்தை யாரும் வாய்விட்டுக் குறை சொல்லவில்லை.

கிடங்கில் இல்லாத பாய் ஒன்றும் உண்டு. நூறு ஒட்டுப் பாய் என்று பேர். நூறு கிழிசல், நூறு ஒட்டு, நூறு தையல். ஒன்றுபோல் ஒன்று இல்லை. நாற்பது பெட்டிச் சாயத்தைப் பல தீவுகளில் சேகரித்து, ஒரு பெட்டிகூடக் குறையாமல் வடக்குத் துறைமுகத்தில் இறக்கும் கப்பலுக்குத்தான் அது கிடைக்கும். அதன் படத்தைக் கைப்பேசியில் எடுத்துவைத்து, மருத்துவமனையில் தையல் பார்க்கும் பெண்ணிடம் விரல்களால் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறார். “இந்த ஓரத்தப் பாரு. உள்மடிப்பு மடிச்சுத் தச்சிருக்கான். கம்ப்யூட்டர்ல வரையிறவனுக்கு இது எப்படிடீ தெரிஞ்சது?”

இவர்கள் கப்பலின் சுக்கான் அக்காவின் தம்பியிடம் இருக்கிறது.

தம்பி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். ஞாயிறன்று மூடிக்கிடக்கும் அலுவலகத்தில், ‘எல்’ பலகைகளுக்கும் சாலைக் குறிப் படங்களுக்கும் நடுவில் இருக்கும் பழைய கணினியில் உட்கார்ந்து கப்பல் ஓட்டுகிறார். விளையாட்டில் அவர் சிவப்புத் தொப்பி வைத்த ஒல்லியான இளம்பெண். முதல் நாள் எதையோ அமுக்கினார், அப்படி ஆகிவிட்டது, மாற்றத் தெரியவில்லை. சுக்கானைத் திருப்புமுன் இரண்டு பக்கமும் பார்க்கிறார். தீவு வளைவுகளில் வேகத்தைக் குறைக்கிறார். தனக்கு வழிவிட்ட எதிரிக் கப்பலுக்கு ஒருமுறை கை காட்டினார்.

மூன்றாவது ஆள், தம்பியின் மகள். கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். காதில் மாட்டிக்கொள்ளும் கருவி வழியாக மூன்று பேரும் ஒருவரையொருவர் கேட்கலாம், பேசலாம். ஆனாலும் கப்பலில் நடக்கிற பேச்சு இப்படி இருக்கும்:

“சுக்கான் பிடிக்கிறவங்ககிட்ட சொல்லும்மா, காத்து பின்னாடிலேர்ந்து எடப்பக்கம் திரும்புதுன்னு.”

“அத்தை, அப்பாவுக்குக் கேக்குது.”

“கேட்டா சந்தோஷம். நீ சொல்லு.”

“அப்பா, காத்து எடப்பக்கம் திரும்புதாம். ஸெயில கொஞ்சம் திருப்புங்க.”

“பாய் பாக்கிறவங்ககிட்ட சொல்லு, திருப்பி ரெண்டு நிமிஷமாச்சுன்னு.”

“அத்தை...”

“கேட்டுச்சு, கேட்டுச்சு.”

ஒருநாள் வெயில் பளிச்சென்று அடிக்கும்போது, காற்றில் ஈரம் தெரிகிறது என்று சொல்லி அக்கா புயல் பாயைக் கட்டிவிட்டார். புயல் வரவில்லை. கப்பல் ஆமையாக ஊர்ந்தது. தம்பி மகளிடம் சொன்னார்: “பாய் பாக்கிறவங்ககிட்ட கேளு. இன்னிக்குள்ள போய்ச் சேருவமா, இல்ல வழியில எறங்கிப் பேரப்புள்ளைங்களப் பாத்துட்டுப் போவமா?” உடனே பதில் போயிற்று: “இண்டிகேட்டர் போட்டுக் கப்பல் திருப்புற ஆளு வேகத்தப் பத்திப் பேசக்கூடாதுன்னு சொல்லு.” நடுவில் இருந்தவள் சிரித்த சிரிப்பில் பீரங்கிக்குக் குண்டு போட மறந்துபோனாள்.

இந்தச் சுற்றுப்பேச்சுக்குக் காரணம் ஒரு புகைப்படம். ஐந்து வருடத்துக்கு முன் அந்தப் பெண்ணின் கல்யாணத்தில், குடும்பப் படம் எடுக்கப் பின்னால் தொங்கவிட்டிருந்த துணி சுருங்கிக் கிடந்தது. அக்காவால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. இஸ்திரிப்பெட்டி தேடி மாடிக்குப் போனார். பெட்டியோடு இறங்கி வருவதற்குள் படம் எடுத்து முடித்து எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். அதையாவது பொறுத்திருப்பார். ஒரு வாரம் கழித்துத் தம்பி படத்தைக் கொண்டுவந்து காட்டி, ஆறுதலாகச் சொல்கிறோம் என்று நினைத்து ஒரு வாக்கியம் சொன்னார்: “கவலப்படாதக்கா. நீ இல்லாததே தெரியல.”

படம் நன்றாக வந்திருக்கிறது என்பதுதான் அவர் சொல்ல வந்தது. அக்காவுக்கும் அது தெரியும். தெரிந்து என்ன, அந்த வாக்கியம் காதிலிருந்து இறங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் தம்பி வீட்டு வாசல் மிதிக்கவில்லை. தம்பியும் இரண்டு தடவை ஃபோன் செய்து பார்த்தார், எடுக்கவில்லை என்றதும் முறுக்கிக்கொண்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பேருந்து மாறுகிற தூரம்தான்.

தம்பி மகள் விவரமானவள். ஏழு மாதம் முன்பு அத்தைக்கு ஒரு விளையாட்டு வாங்கிக் கொடுத்தாள், அப்பாவுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். கூட வருவது யாரென்று இருவருக்கும் சொல்லவில்லை. முதல் பயணத்தில் நடுக்கடலுக்குப் போன பிறகு தாடிக்காரன் தொண்டையைக் கனைத்தான். சிவப்புத் தொப்பி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தது. அந்த நேரம் பார்த்துக் கப்பலில் தீப்பிடித்துக்கொண்டது. இறங்கிப் போகவும் வழியில்லை, கோபித்துக்கொள்ளவும் நேரமில்லை. “அந்த வாளிய எடுக்கச் சொல்லு!” என்று அக்கா கத்தியதுதான் தொடக்கம். அடுத்த ஞாயிறும் இரண்டு பேரும் வந்தார்கள்.

சென்ற மாதம் அந்தப் பெண்ணுக்குப் புது வேலை கிடைத்தது. ஞாயிறுதான் அங்கே நெருக்கடியான நாள். “இனிமே என்னால வர முடியாது அத்தை. ஆனா ரெண்டு பேர் இருந்தா கப்பல் ஓடும். ஒருத்தர்னா ஓடாது. ஒரு மாசம் கடலுக்குப் போகலன்னா கப்பல கேம் நடத்துறவனுங்களே திருப்பி எடுத்துக்குவானுங்க” என்று விதிகளைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

“போனா போவட்டும். நான் என்ன கப்பல் கம்பெனியா நடத்துறேன்?” என்றார் அக்கா.

கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். கதவு மூடியிருக்கும்போது உள்ளே ஆள் இருக்கிறாரா என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஏழு மாதமாக அக்கா சனிக்கிழமை இரவே ஞாயிற்றுச் சமையலுக்குக் காய் நறுக்கி வைப்பதையும், ஞாயிறு சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது ஏதோ முணுமுணுத்துச் சிரித்துக்கொள்வதையும் அவர் கவனித்திருக்கிறார். கப்பல் போனால் தம்பியின் குரலும் போகும். வீட்டுக்குப் போகவும் ஃபோனில் பேசவும் ரோஷம் இடம் கொடுக்காத இருவருக்கு அது ஒன்றுதான் இடம். அந்த வாரம் முழுக்க அக்கா துணிகளை வழக்கத்தைவிடப் பலமாக உதறினார்.

ஞாயிறு மதியம் வழக்கமான நேரத்துக்கு மின்விசிறி நின்றது. அக்கா திரையைப் பார்த்தார். கப்பல்துறையில் சிவப்புத் தொப்பி ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தது. இருவர் காதிலும் கருவி இருந்தது. தம்பியின் பக்கத்தில் சாலையில் போகிற வண்டிகளின் சத்தம் மட்டும் கேட்டது.

அக்கா நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். அன்றைக்கு நாற்பது பெட்டியும் கப்பலில் இருந்தது. எட்டு வாரமாகச் சேர்த்தது. வடக்குத் துறைமுகம் போக வேண்டிய நாள் அது. காற்று தெற்கிலிருந்து, பின்னாலிருந்து தள்ளும் காற்று. இரண்டு ஒட்டுப்போட்ட, வெளுத்த சதுரப் பாயைத் தேர்ந்தெடுத்து ஏற்றினார். ஏற்றியதைச் சொல்ல வேண்டுமே.

“ஏங்க, சொல்லுங்க, சதுரப் பாய்தான் கட்டியிருக்கு, நேரா வடக்க பிடிச்சா போதும்னு.”

கணவர் செய்தித்தாளை இறக்கினார். “யார்கிட்ட சொல்ல?”

“சுக்கான் பிடிக்கிறவங்ககிட்ட.”

கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அக்காவின் வாய்க்குப் பக்கத்தில் இருந்த ஒலிவாங்கியில் குனிந்து, பொதுக்கூட்டத்தில் பேசுவதுபோலச் சொன்னார்: “மச்சான், சதுரமாம். வடக்கயாம். வேற ஏதாவது வேணும்னா சொல்லு, நான் இங்கதான் வேர்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

“சரி மாமா” என்றார் தம்பி, அக்காவின் காதுக் கருவியிலிருந்து வெளியே கசிகிற அளவுக்குச் சத்தமாக. “நல்லா இருக்கீங்களா மாமா?”

“இருக்கேன்டா. ஃபேன் போட்டா இன்னும் நல்லா இருப்பேன்.”

அப்படியே பாதிக் கடல் போய்விட்டார்கள். காற்று பின்னாலேயே நின்றது. அக்கா கப்பலின் முன்நுனியில் நின்று பார்த்துக்கொண்டு, காண்பதையெல்லாம் கணவரிடம் சொன்னார். கணவர் ஒலிவாங்கியிடம் சொன்னார். துறைமுகத்தின் கலங்கரை விளக்கம் தெரியத் தொடங்கிய நேரத்தில் கணவரின் கைப்பேசி அடித்தது. எங்கோ ஒரு கட்டடத்தில் இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டிருந்தது. உதவியாளனுக்கு வழி சொல்லிக்கொண்டே அவர் எழுந்து சன்னல் பக்கம் போனார்.

அப்போதுதான் தீவு மறைவிலிருந்து கறுப்புப் பாய் கட்டிய கப்பல் ஒன்று வெளியே வந்தது. வந்த வேகத்தில் இவர்களை ஒட்டிச் சேர்ந்துகொண்டது. ஒரு தாவு தாவினால் அந்தக் கப்பலுக்குப் போய்விடலாம் என்ற அளவுக்கு நெருக்கம். அதே நேரத்தில் அந்தப் பெரிய பாய் மறித்ததில் இவர்கள் பாய்க்குக் காற்று கிடைக்காமல் தொய்ந்து தொங்கியது. பாயைத் திருப்பும் கயிறு சுக்கானுக்குப் பக்கத்தில், தம்பியின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அக்கா திரும்பிக் கணவரைப் பார்த்தார். கணவர் சன்னலோரம், “மேல இருக்குற பொட்டியத் தொறடா, பச்சைக் கம்பி” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“பாய்!” என்று கத்தினார் அக்கா. “பாய்! பாய்!”

தம்பி நாளெல்லாம் மாணவர்களுக்கு ஒற்றைச் சொல்லில் கட்டளை கொடுக்கிறவர். பிரேக். கிளட்ச். லெஃப்ட். ஒற்றைச் சொல் கேட்டால் கை கால் தானாக வேலை செய்யும் பழக்கம் அவருக்கு. இத்தனை மாதமும் அவருடைய மகள் ஸெயில் ஸெயில் என்றே சொல்லிவந்தாள். சிவப்புத் தொப்பி சுக்கானை விட்டது, கைப்பிடிச் சுவரில் ஏறியது, எதிரிக் கப்பலை நோக்கி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. நாலு அடி குறைந்துபோய் இரண்டு கப்பலுக்கும் நடுவில் கடலில் விழுந்தது.

அக்காவுக்கு ஒரு கணம் என்ன நடந்தது என்றே விளங்கவில்லை.

“டேய்!” என்றார். “டேய், எதுக்குடா குதிச்ச?”

“நீதானே பாய் பாய்னு கத்துன!”

“கப்பல் பாயச் சொன்னேன்டா! கயிறு ஒன் கைகிட்டதானேடா இருக்கு!”

“அவன் பக்கத்துல வந்துட்டான், நீ பாய்ங்கிற, நான் என்னன்னு நெனக்கிறது? ஏறி வெட்டச் சொல்றியாக்கும்னு...”

“ஒல்லிக் கொம்பு மாதிரி இருந்துக்கிட்டு நீ அங்க போய் யாரடா வெட்டப்போற?”

சொல்லிக்கொண்டே அக்கா பின்பக்கம் ஓடினார். தாடிக்காரன் கயிற்றைப் பிடித்து இழுத்தான். பாய் அரைச்சுற்று திரும்பியது, காற்றைக் கண்டது, பட்டென்று சத்தம் போட்டு நிமிர்ந்தது. கப்பல் உதைத்துக்கொண்டு கிளம்பியது. கறுப்புப் பாய்க் கப்பல் வளைந்து விரட்டி வந்தது. அதன் பாய் முக்கோண வெட்டு. பின்காற்றில் இந்த வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது. நாற்பது நிமிடம் நின்று எடுத்த பாய் அல்லவா. கலங்கரை விளக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது. இன்னும் இரண்டு நிமிடம், நேராகப் பிடித்தால் போதும்.

“போக்கா, போ! நிக்காத!” என்று தம்பி கத்தினார். “நான் இங்கேயே மூழ்கிச் செத்து அங்க வந்துர்றேன். செத்தா ஒண்ணும் போவாது, ஒரு நிமிஷத்துல துறைமுகத்துலதான் கொண்டுவந்து நிறுத்துவான். நாப்பது பெட்டியும் அப்படியே இருக்கு. போ!”

அவர் சொன்னது சரி. விளையாட்டில் யாரும் சாவதில்லை. மூழ்கியவர் துறைமுகத்தில், உடைகூட நனையாமல், எழுந்து நிற்பார். அக்காவுக்கும் அது தெரியும். ஏழு மாதத்தில் அவரே பதினாறு தடவை மூழ்கியிருக்கிறார். அவர் சுக்கானில் கையை வைத்துக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்த்தார். அலைக்கு மேலே சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சின்னதாக.

அக்கா பாயைச் சுருட்டினார். பாதியாக அல்ல, முழுக்க. கப்பல் தள்ளாடி நின்றது.

“என்ன பண்ற? ஏன் பாய எறக்குற? அவன் வந்துருவான், பெட்டியெல்லாம் போயிரும்!”

“போவட்டும்.”

“அந்த நூறு ஒட்டுப் பாய்க்குத்தானே எட்டு வாரமா உயிர விட்ட?”

“வாய்க்குள்ள தண்ணி போவப்போவுது. பேசாம நீந்து.”

“அக்கா, சொன்னாக் கேளு...”

“நீந்துடா!”

கணவர் கைப்பேசியைக் காதில் வைத்தபடியே வந்து மேசையோரம் நின்றார். “லிஃப்ட்ல மாட்டினவங்க வெளிய வந்துட்டாங்களாம்” என்று சொல்ல வாயெடுத்தவர், திரையைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டார். கறுப்புப் பாய் திரையின் வலது ஓரத்தில் நுழைந்து பெரிதாகிக்கொண்டிருந்தது. அதன் முதல் குண்டு கப்பலின் பக்கவாட்டில் விழுந்து, சாயப்பெட்டிகள் இருந்த அறைக்குள் நீலமாகத் தண்ணீர் புகுந்தது. அக்கா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தாடிக்காரனைக் கயிற்றேணிக்கு மேலே கொண்டுபோய் நிறுத்திக் குனிய வைத்தார்.

“இன்னும் எவ்வளவு தூரம்டா?”

“தெரியல. பத்து கைவீச்சு இருக்கும்.” தம்பிக்கு நிஜமாகவே மூச்சு வாங்கியது. அலுவலக நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார், இருந்தும் வாங்கியது. “ஒம்போது... அக்கா, நீ அங்கதானே இருக்க?”

“இங்கதான்டா இருக்கேன். வா.”

கையை நீட்டித் தூக்கிவிடுவதற்கு அந்த விளையாட்டில் பொத்தான் எதுவும் கிடையாது. அக்கா நாற்காலியிலிருந்து எழும்பி, இடதுகையால் மேசை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் கழுத்தை நீட்டித் திரைக்கு மேல் கவிந்தார். வலதுகை மவுஸை விட்டுவிட்டு, மடிக்கணினியைத் தாண்டி, உள்ளங்கை விரிய, மணிக்கட்டு திரும்ப, மேசைக்கு அந்தப் பக்கம் கீழே இறங்கிக்கொண்டே போனது. கணவர் அந்தக் கை தட்டிவிடாதபடி தண்ணீர் டம்ளரை எடுத்து நகர்த்தி வைத்தார்.